புனிதைகளிடம் என்ன கேட்பது, என்ன கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை மாதம் நெருங்கினாலே பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாப் பேச்சு தொடங்கிவிடும். யார் வேன் பிடிப்பது, எந்த நாள் போவது, மெழுகுவர்த்தியை இங்கேயே வாங்கிக்கொள்வதா அங்கே போய் வாங்குவதா என்று. அந்தப் பேச்சோடு எனக்கு வரும் கேள்விகளும் கூடும். நான் இறையியல் படித்தவள் இல்லை. பிறை பக்கம் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பங்கில் பெண்களுக்கும் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் புனிதர் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போதும், வாட்சாப்பிலும், ஒருமுறை பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போதும் என்னிடம் கேட்டவை இவை. கேட்டவர்கள் யார் என்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கூட வேலை செய்யும் தோழி வேறு சபைக்குப் போகிறாள். "நீங்கள் சிலையைக் கும்பிடுகிறவர்கள்" என்கிறாள். என்ன சொல்வது?

கோபப்படாமல் சொல்லுங்கள். ஆராதனை கடவுள் ஒருவருக்கே. புனிதர்களுக்கு நாம் செய்வது வணக்கம், மரியாதை. அவர்களிடம் கேட்பதும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதான். மன்றாட்டு மாலையில் ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நாம் சொல்லும் வரியே அதுதானே. "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன், எனக்காக ஜெபம் பண்ணு" என்று அந்தத் தோழியிடமே நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே மாதிரிதான். இறந்தவரிடம் போய்க் கேட்கலாமா என்பாள் அடுத்தபடியாக. கிறிஸ்துவுக்குள் இறந்தவர் அவரோடு வாழ்கிறார் என்று நம்புகிறோம், அதனால் கேட்கிறோம். சுவரில் மாட்டியிருக்கும் பாட்டியின் படத்தை முந்தானையால் துடைக்கிறோம், காகிதத்தின் மேலா அந்தப் பாசம்?

நம்மில் சிலர் எல்லை தாண்டிப் போய்விடுகிறோம் என்பதும் உண்மை. அதைக் கீழே நவநாள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இயேசு இருக்கிறார், மாதா இருக்கிறார். மற்ற புனிதைகள் எதற்கு?

யாரும் இயேசுவின் இடத்தில் போய் நிற்கவில்லை. ஆனால் அவரை நம்பி வாழ்கிற ஒரு பெண்ணுக்குக் கடன் இருந்தால், குடிக்கிற கணவன் இருந்தால், பிள்ளை பிடி கொடுக்காமல் போனால், மார்பில் கட்டி வந்தால் அவள் என்ன செய்வாள்? இதையெல்லாம் வாழ்ந்து பார்த்தவர்கள் இவர்கள். எனக்கு இவர்கள் மூத்த அக்காமார்கள் மாதிரி. முன்னாலேயே அந்தப் பாதையில் போனவர்கள்.

இத்தனை பேரில் யாரைப் பிடித்துக்கொள்வது? எப்படித் தொடங்குவது?

ஒருவரை எடுங்கள். ஒரே ஒருவரை, ஒரு வருடத்துக்கு. ஞானஸ்நானப் பெயரிலிருந்து தொடங்கலாம், பிறந்த நாளில் எந்தப் புனிதையின் திருநாள் வருகிறது என்று பார்க்கலாம், அல்லது இப்போது உங்கள் தலைக்கு மேல் நிற்கிற பிரச்சினை எதுவோ அதே பிரச்சினையைப் பார்த்தவரைத் தேடலாம். எப்படி எடுத்தாலும் சரி.

ஆனால் படத்தோடு நின்றுவிடாதீர்கள். நான் ரொம்பக் கவலையோடு சொல்வது இது. நம் வீட்டுப் படங்களில் எல்லாப் புனிதைகளுக்கும் ஒரே முகம்: ரோஜா நிறக் கன்னம், மேலே பார்க்கும் கண், கையில் பூ. அந்தப் படத்தைக் காட்டி நம்மிடம் சொல்லப்பட்டதும் ஒரே வார்த்தைதான்: பொறுத்துக்கொள். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் சொன்னார்கள். வரலாற்றை முழுக்கப் படித்தபோதுதான் தெரிந்தது, இவர்களில் ஒருவர்கூட எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போனவர் இல்லை. ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஓர் இடம் வருகிறது, அங்கே அவர் "மாட்டேன்" என்கிறார். அதனால் புனிதை யாராக இருந்தாலும் இரண்டைத் தேடிப் படியுங்கள் என்பேன். எதைச் சுமந்தார்? எதற்கு மாட்டேன் என்றார்? ஒன்றை மட்டும் படித்தால் பாதிப் புனிதைதான் கிடைப்பார்.

பிறகு அவரோடு பேசுங்கள். துணி மடிக்கும்போது, பஸ்ஸில், நைட் ஷிஃப்ட் இடைவேளையில். ஆவிலா தெரேசம்மாள் தன் கன்னியர்களுக்கு எழுதினார், கீழ்ப்படிதல் உங்களைச் சமையலறைக்கு அனுப்பினால் அங்கே சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று. 17 மடங்களை நிறுவியவர் எழுதியது அது.

அன்னம்மாள் பைபிளிலேயே இல்லையாமே?

ஆமாம், இல்லை. மாதாவின் பெற்றோர் பெயர் அன்னாள், சுவக்கீன் என்பது 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு பழைய நூலிலிருந்து வருகிறது. அந்த நூலைத் திருச்சபை விவிலியத்தில் சேர்க்கவில்லை. பெயரையும் நினைவையும் வைத்துக்கொண்டது. ஜூலை 26 இருவருக்கும் திருநாள். மாதாவுக்கு ஓர் அம்மா இருந்தார் என்பதை மறுக்க முடியாது, அவரை ஏதாவது ஒரு பெயரில் கூப்பிடத்தான் வேண்டும்.

என் பாட்டிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. வருடம் தவறாமல் புக்கிட் மெர்தாஜாம் போவார், எனக்குப் பத்து வயதில் என்னையும் கூட்டிப்போனார். இரவு மெழுகுவர்த்திப் பவனியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார், சொட்டு என் மேல் விழக்கூடாது என்று. எல்லாம் அவர் சேலையில் விழுந்தது. மறுநாள் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். "அன்னம்மா ஆயிக்குத் தெரியும்டி, பேத்தி பாடு" என்றார். இயேசுவுக்குப் பாட்டி என்கிற ஒரே காரணம் அவருக்குப் போதுமாக இருந்தது.

அங்கே 1888-இல் கட்டிய பழைய கோயில் இன்னும் இருக்கிறது. புதிய பெரிய கோயில் 2002-இல் வந்தது, 2019-இல் அது பசிலிக்கா, அதாவது திருத்தந்தை தரும் சிறப்புத் தகுதி பெற்ற கோயில், ஆனது. கூட்டத்துக்குப் பயந்தால் திருவிழாவுக்கு முன்போ பின்போ ஒரு சாதாரண நாளில் போய்ப் பழைய கோயிலில் உட்காருங்கள்.

என் மகன் கோயில் பக்கமே வருவதில்லை. திட்டியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன்.

மோனிக்காவிடம் போங்கள். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊர்க்காரர், 4-ஆம் நூற்றாண்டு. கோபக்காரக் கணவர், வேலைக்காரிகளின் கோள் பேச்சைக் கேட்டு மருமகளை வெறுத்த மாமியார், அதற்கு மேல் அகுஸ்தீன் என்ற புத்திசாலி மகன். மகன் வேறொரு கொள்கைக்குப் போய், ஒரு பெண்ணோடு வாழ்ந்து பிள்ளையும் பெற்றுக்கொண்டார்.

மோனிக்கா அழுதார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அழுதார்தான், ஆனால் அந்தக் கொள்கையோடு மகன் வீட்டுக்கு வந்தபோது தன் மேசையில் உட்காரவும் விடவில்லை. அதுதான் அவருடைய "மாட்டேன்". பிறகு ஒரு கனவு கண்டார், மகன் தன் பக்கத்திலேயே நிற்பதாக. மனம் மாறி, திரும்பச் சேர்த்துக்கொண்டார். கதவைச் சாத்தவும் தெரிந்தது, திறக்கவும் தெரிந்தது.

இன்னொரு விஷயம். ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் பேசுங்கள் என்று கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார்: இப்போது பேசினால் ஏறாது, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு, படிக்கப் படிக்க அவனே கண்டுகொள்வான் என்றார். மோனிக்கா விடாமல் அழ, ஆயருக்கே சலித்துப்போய், "போ அம்மா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை கெட்டுப்போகாது" என்று அனுப்பினார். கடைசி வார்த்தையைத்தான் நாம் பிரசங்கத்தில் கேட்கிறோம், "விட்டுவிடு" என்பதை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு இப்போது தேவை அதுதான். திட்டுவதை நிறுத்துங்கள். சனிக்கிழமை ராத்திரி அவனுக்குப் பிடித்த கோழிக்கறி வையுங்கள். கோயில் பேச்சை எடுக்காதீர்கள்.

387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தீன் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருடம் ஊர் திரும்பும் வழியில் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் இறந்தார். சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று அதுவரை ஆசை வைத்திருந்தவர், கடைசியில் உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் போதும் என்றார். கப்பலேறி வந்து ஊர் திரும்பாமலேயே இங்கே தோட்டங்களில் கண்மூடிய நம் பூட்டன் பூட்டிகளை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் படிக்க முடிவதில்லை.

கணவர் கை நீட்டுகிறார். வீட்டுப் பெரியவர்கள் "ரீத்தம்மாள் பொறுத்துப்போனார், கணவர் திருந்தினார்" என்கிறார்கள். நானும் பொறுக்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்: ஆபத்து என்றால் 999. எந்த நேரமும் பேசலாம் என்றால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி தாலியான் காசே, எண் 15999. மலேசியாவில் 1994-இல் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் செய்யலாம், சமூகநலத் துறை அதிகாரியிடமிருந்து 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், பிறகு நீதிமன்றம் வழியாக அதைவிட நீண்ட பாதுகாப்பும் கேட்கலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம், இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள்.

திருச்சபை என்ன சொல்கிறது என்று பயப்படுகிறீர்கள் என்று தெரியும். திருமணம் புனிதமானது, உண்மை. ஆனால் துணையால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது, 1153-ஆம் எண். சில வேளைகளில் பிரிவது ஒழுக்கநெறிப்படி அவசியமாகவே ஆகிவிடுகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதினார். பிரிந்து வாழ்வதால் நற்கருணை வாங்கக்கூடாது என்பதும் தவறான பேச்சு, அப்படி ஒன்றும் இல்லை.

இப்போது ரீத்தா. 1381-இல் இத்தாலியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கட்டிக்கொடுத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டுக் கிராமத்தில் ஒரு பெண் போய் நிற்க இடம் ஏது? அவருக்கு 15999 இருந்ததா? கிடைத்த வழியில் அவர் பிழைத்தார். அதை எடுத்து இன்றைக்கு ஒரு பெண்ணின் வாயை அடைப்பது ரீத்தாவுக்கே செய்யும் அநியாயம். அவருடைய உண்மையான பலம் அதற்குப் பிறகு வருகிறது. கணவர் பகையில் கொல்லப்பட்டார். அந்த ஊர் வழக்கப்படி மகன்கள் பழிவாங்க வேண்டும், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ரீத்தா மட்டும் மாட்டேன் என்றார், என் பிள்ளைகள் கையில் ரத்தம் படியக்கூடாது என்று ஊரையே எதிர்த்து நின்றார். வன்முறை தன்னோடு முடியட்டும் என்றவர் அவர். "அடி வாங்கு" என்று அவர் பெயரைச் சொல்லி யாராவது சொன்னால் ரீத்தாவின் வரலாற்றை முழுக்கப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் வீட்டை விட்டு வெளியே வந்த நாளிலும் ரீத்தா உங்களுக்காக வேண்டிக்கொள்வார்.

எல்லாப் புனிதைகளும் கன்னியாஸ்திரிகள்தானே? எனக்குக் கணவர், மூன்று பிள்ளைகள், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் வேலை. யார் இருக்கிறார்கள் எனக்கு?

ஸெலி மர்த்தேன். குழந்தை தெரேசாவின் அம்மா. பிரான்சில் அலோன்சோன் ஊரில் லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, ஆர்டர் பிடித்து, கணக்குப் பார்த்து. தொழில் வளர்ந்தபோது கணவர் லூயி தன் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்கு உதவ வந்தார். 19-ஆம் நூற்றாண்டில்! ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறு வயதிலேயே இழந்தார்கள். ஸெலியின் கடிதங்களில் வியாபாரக் கவலை, பிள்ளையின் காய்ச்சல், களைப்பு எல்லாம் இருக்கும். மார்பகப் புற்றுநோயில் 1877-இல் இறந்தார், கடைசிக் குழந்தைக்கு அப்போது வயது 4. 2015-இல் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

மருத்துவராக வேலை பார்த்த ஜான்னா மோல்லா 2004-இல் புனிதர் ஆனார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

கல்யாணம் ஆகவில்லை, மடத்துக்குப் போகவும் அழைப்பு இல்லை. 36 வயது. கோயிலில் எல்லாரும் "எப்போம்மா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சியன்னா கத்தரீனாள் மடத்துச் சுவருக்குள் வாழ்ந்தவர் இல்லை தெரியுமா? தொமினிக்கன் சபையின் பொதுநிலைப் பிரிவைச் சேர்ந்து, சொந்த வீட்டிலேயே வாழ்ந்தார். சாயத் தொழில் செய்த அப்பாவுக்கு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், இவர் கடைக்குட்டிகளில் ஒருவர். மாப்பிள்ளை பார்த்தபோது முடியை வெட்டிக்கொண்டார். கோபத்தில் வீட்டார் தனி அறையைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்காரி மாதிரி நடத்தினார்கள். சரி, வெளியே அறை இல்லாவிட்டால் என்ன, உள்ளே ஓர் அறை கட்டிக்கொள்கிறேன், அங்கிருந்து என்னை யாரும் வெளியேற்ற முடியாது என்று எடுத்துக்கொண்டார். ஆட்கள் நிறைந்த வீட்டில் தனி அறை இல்லாமல் வளர்ந்த நம் பெண்களுக்கு இது உடனே புரியும்.

பெண் வாயைத் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இவர்தான் பதில். பாப்பரசர் ரோமை விட்டு, இன்றைய பிரான்சில் இருக்கும் அவிஞ்ஞோனில் உட்கார்ந்திருந்த காலம். 1376-இல் கத்தரீனாள் அங்கேயே நேரில் போய், தைரியமாக இரும், ரோமுக்குத் திரும்பும் என்று 11-ஆம் கிரகோரியிடம் சொன்னார். 1377 ஜனவரியில் அவர் ரோம் திரும்பினார். கத்தரீனாள் இறந்தபோது வயது 33. 1970-இல் ஆவிலா தெரேசாவும் கத்தரீனாளும் மறைவல்லுநர்கள் ஆனார்கள், பெண்களில் அவர்கள்தான் முதல். பிறகு 1997-இல் குழந்தை தெரேசா, 2012-இல் ஹில்டெகார்ட். ஆண்களுக்கும் பாடம் சொல்லித்தருபவர்கள் என்று திருச்சபையே ஏற்றுக்கொண்ட நான்கு பெண்கள்.

"எப்போம்மா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நான் பாடுபட்டுச் செய்ததை வேறொருவர் பெயரில் போட்டுக்கொண்டார்கள். தூக்கம் வரவில்லை.

எனக்கும் நடந்தது. வேலை பார்த்த இடத்தில், புதிதாக வருபவர்களுக்காக மலாயிலும் தமிழிலும் ஒரு வேலைப் பயிற்சிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. ஆண்டு விருந்தில் பரிசு வேறொருவருக்குப் போனது. அந்த மேடையைப் பார்த்துக்கொண்டு கை தட்டினேன், கை எரிந்தது.

அப்போது ஒரு சிஸ்டர் என்னிடம் ஜான் ஜுகான் பற்றிச் சொன்னார். 1839 குளிர்காலத்தில் பிரான்சில், கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் பரணில் போய்ப் படுத்தவர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. கூடையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்து முதியவர்களுக்குச் சோறு போட்டார். சபை வளர்ந்ததும், வழிநடத்த வந்த ஒரு குரு அவரைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டுத் தன்னையே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார். ஜான் கடைசி 27 வருடம் ஒரு மூலையில் இருந்தார். 1879-இல் அவர் இறந்தபோது, சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்பது கூட இருந்த இளம் கன்னியரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. உண்மை பிறகு வெளிவந்து, 2009-இல் புனிதர் ஆனார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அந்தச் சகோதரிகள் இன்றும் முதியவர்களைப் பராமரிக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் என் மனம் ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று விளங்கியது: அவர் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அந்த மூதாட்டி கட்டிலில் நிம்மதியாகத் தூங்கியதை யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் எழுதிய குறிப்பைப் பார்த்து வேலை கற்ற பெண்கள் இருக்கிறார்கள். அதே நேரம், உங்கள் சம்பளமோ பதவி உயர்வோ இதில் அடங்கியிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

மகள் கேட்கிறாள், "எல்லாருமே வெள்ளைக்காரிகளா இருக்காங்களே?"

நியாயமான கேள்வி. பக்கீத்தாவைச் சொல்லுங்கள். சூடானில் டார்ஃபூர் பக்கம் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டவர். அதிர்ச்சியில் பெற்றோர் வைத்த பெயரே மறந்துவிட்டது. பக்கீத்தா என்பது கடத்தியவர்கள் வைத்த பெயர், அரபு மொழியில் அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம். உடம்பில் கத்தியால் கோலம் போட்டு உப்பைத் தேய்த்தார்கள், 114 தழும்புகள். இத்தாலிக்குக் கொண்டுபோன குடும்பம் அவரைத் திரும்ப ஆப்பிரிக்காவுக்குக் கூப்பிட்டபோது, வெனிஸ் நகரில் கனோசியன் கன்னியர் மடத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார். வழக்கு நீதிமன்றம் போனது. 1889 நவம்பர் 29 அன்று, அவர் அடிமை இல்லை, சுதந்திரமானவர் என்று தீர்ப்பு வந்தது. 2000-இல் புனிதர் ஆனார். மலாக்காவில் கான்வென்ட் நடத்தியதும் அதே கனோசியன் சபைதான். பிப்ரவரி 8, அவருடைய திருநாள், ஆள்கடத்தலுக்கு எதிரான ஜெப நாளாகவும் இருக்கிறது. நம் வீட்டில் வேலைக்கு இருக்கும் பெண்ணின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்குக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேரளத்து அல்போன்சம்மாள் 2008-இல் இந்தியாவின் முதல் பெண் புனிதர் ஆனார். அப்புறம் பெட்டாலிங் ஜெயாவின் அசுந்தா மருத்துவமனை தெரியும் இல்லையா? அந்தப் பெயர் சீனாவில் 1905-இல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்த அருளாளர் மரியா அசுந்தா பல்லோத்தா என்ற இளம் கன்னியருடையது. அவருடைய பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை தொடங்கியது எங்கே? நம் ஊட்டியில், 1877-இல். அதை நிறுவிய பிரெஞ்சுப் பெண்மணி அதற்கு முன் மதுரைப் பக்கம் பல வருடம் இருந்தவர். இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒன்பது நாள் நவநாள் விடாமல் சொன்னேன். கேட்டது கிடைக்கவில்லை.

நவநாள் ஒன்றும் நாம் போடும் டோக்கன் இல்லை. ஒன்பது நாள் ஒரே ஆசையைக் கையில் வைத்துக்கொண்டு கடவுள் முன்னால் உட்காருவது, அவ்வளவுதான். எனக்கும் கேட்டது கிடைக்காத நவநாள்கள் நிறைய உண்டு. அது ஏன் என்று யாராவது உங்களுக்கு விளக்கம் சொன்னால், உங்கள் விசுவாசம் பத்தவில்லை என்று சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

"இதை 9 பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று புனிதை படத்தோடு வாட்சாப்பில் வருவதை உடனே அழித்துவிடுங்கள். அது மூடநம்பிக்கை. எந்தப் புனிதையும் உங்களை மிரட்டமாட்டார்.

ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது.

அன்னை தெரேசாவுக்கும் அப்படித்தான் இருந்தது. 1946-இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைக் கேட்டவர், கல்கத்தாத் தெருவில் வேலையைத் தொடங்கிய சில நாளிலேயே அந்தக் குரலை இழந்தார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம், 1997-இல் இறக்கும் வரை, உள்ளே இருட்டு. அவர் குருக்களுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது உலகமே திகைத்துப்போனது. நான் புனிதை ஆனால் இருட்டின் புனிதையாகத்தான் இருப்பேன் என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் காலையில் எழுந்து சிற்றாலயத்துக்குப் போனார். நீங்களும் ஐந்து நிமிடம் உட்காருங்கள், ஒன்றும் தோன்றாவிட்டாலும் சரி.

ஆனால் சாப்பிடவும் பிடிக்கவில்லை, தூங்கவும் முடியவில்லை, வாழவே வேண்டாம் போல் இருக்கிறது என்றால் அது வேறு. டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

நான் இந்து. அன்னம்மாள் கோயிலுக்கு வரலாமா?

தாராளமாக. வருடாவருடம் எத்தனையோ இந்துக் குடும்பங்கள் வருகின்றன, சீனர்களும் வருகிறார்கள். பூசையில் உட்காரலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கர்களுக்கு உரியது. ஜார்ஜ் டவுனிலிருந்து என்றால் ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம். கோலாலம்பூரிலிருந்து என்றால் இ.டி.எஸ். ரயில் அங்கேயே நிற்கும்.

அக்கா, நீங்கள் யாரைப் பிடித்திருக்கிறீர்கள்?

குழந்தை தெரேசாவை. ரொம்ப நாள் எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது, அந்த ரோஜாப் பூப் படத்தால்.

என் மாமியாருக்கு நினைவு தப்பிப்போய் நான்கு வருடம் என்னோடு இருந்தார். சாப்பிட்ட பத்தாவது நிமிடம், மருமகள் பட்டினி போடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார். ராத்திரி மூன்று மணிக்குப் படுக்கை விரிப்பை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஓர் இரவில்தான் தெரேசா எழுதியதைப் படித்தேன். மடத்தில் சென் பியேர் என்று ஒரு வயதான சகோதரி. தினம் மாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் மணல் கடிகாரத்தை ஆட்டுவாராம், என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போ என்று அர்த்தம். தெரேசா அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். வேகமாகப் போனால் "என்னை உடைத்துவிடுவாய்" என்பார். மெதுவாகப் போனால் "உன் கையே தெரியவில்லை, விழப்போகிறேன்" என்பார். உட்காரவைத்து, அவர் சொல்லும் விதத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவர் ரொட்டியைக் கிண்ணத்தில் போடச் சிரமப்படுகிறார் என்று தெரேசா கவனித்து, யாரும் சொல்லாமலேயே அதையும் செய்துகொடுத்து, போவதற்கு முன் ஒரு நல்ல சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்.

தன் 24 வயதில் காசநோயில் இறந்த பெண். மடத்தில் சேரும் முன், 14 வயதில், ரோமில் பாப்பரசரிடம் பேசக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தும் அவர் காலடியில் மண்டியிட்டு, என்னை 15 வயதிலேயே மடத்தில் சேர விடுங்கள் என்று கேட்டு, காவலர்கள் தூக்கிக்கொண்டு போகும் வரை நகராதவரும் இதே பெண்தான்.

இரண்டையும் படித்துவிட்டு நான் இரண்டு காரியம் செய்தேன். மாமியாருக்குச் சாயங்காலம் மைலோவும் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் தான் பிடிக்கும். அதுவரை கோப்பையை முன்னால் வைத்துவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். அன்றிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பிஸ்கட்டை நாலாக உடைத்து, ஒவ்வொரு துண்டாக முக்கி, ஓரம் இளகி நடு இன்னும் கெட்டியாக இருக்கும்போதே வாயருகே கொண்டுபோக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கோப்பைக்குள் விழுந்துவிடும்.

இன்னொன்று, கணவரிடமும் கொழுந்தனிடமும் உட்கார்ந்து சொன்னேன்: அம்மாவை விடமாட்டேன், ஆனால் இனித் தனியாகப் பார்க்கவும் மாட்டேன். குரல் நடுங்கியது. கொழுந்தன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். பிஸ்கட் முக்குவதைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் பூசைக்குக் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் கோப்பை அடியில் மூன்று பிஸ்கட் கரைந்து கிடந்தது. அவர் நான்காவதை உடைத்துக்கொண்டிருந்தார்.